அத்தியாயம் 9: பழைய பாட்டிலைத் திறப்பது

பழைய ஒயின் பாட்டில் கைக்கு வந்ததும் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். லேபிளைப் பிறகு படித்துக்கொள்ளலாம். அது எந்த ஊரில், எந்த ஆண்டில் விளைந்தது என்பதை லேபிள் சொல்லும். அதன் பிறகு பட்ட பாட்டை மட்டமும் நிறமும் தக்கையும்தான் சொல்லும். ஒரே தோட்டத்து ஒரே அறுவடை, ஒரே மரப்பெட்டிக்குள் அடுத்தடுத்துப் படுத்துக் கிடந்த இரண்டு பாட்டில்கள், முப்பது ஆண்டு கழித்துத் திறந்தால் வேறு வேறாக இருக்கும். காரணம் தக்கை. போர்த்துகல் காடுகளில் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை உரிக்கும் ஓக் மரப்பட்டையிலிருந்து அறுத்தெடுப்பது அது. ஒவ்வொரு துண்டும் உள்ளே விடும் காற்றின் அளவு மாறும்; அந்தச் சிறிய மாற்றம் முப்பது ஆண்டில் பெரிதாகிவிடுகிறது.

லண்டன் உணவகங்களில் நான் தொழில் கற்ற காலத்தில், ஒயின் பரிமாறும் நிபுணர்களான மூத்த சொமெலியேக்கள் '1982ஆம் ஆண்டு ஒயின் எப்படி' என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார்கள். 'எந்தப் பாட்டில்' என்று திருப்பிக் கேட்பார்கள். இந்த அத்தியாயத்தில் உங்களிடம் ஏற்படுத்த விரும்புவது அந்தப் பழக்கத்தைத்தான். முதிர்ந்த ஒயினை மதிப்பிடும் வேலையில் பாதிக்கு மேல், ஒரு வாய் குடிப்பதற்கு முன்பே கையாலும் கண்ணாலும் செய்து முடிக்க வேண்டியது. மீதியில் பெரும்பகுதி காத்திருப்பது.

எது முதிரும்?

வைக்க வைக்க ஒயின் நன்றாகும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது மிகச் சில ஒயின்களுக்கே பொருந்தும். உலகில் தயாராகும் ஒயினில் மிகப் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுகிறது. அதைப் பத்து ஆண்டு பூட்டி வைத்தால் பழத்தின் சுவை வடிந்துபோய் புளிப்பும் சாராயக் காரமும்தான் எஞ்சும்.

காலத்தைத் தாங்க வைப்பவை நான்கு: புளிப்பு, டானின் என்ற துவர்ப்பு, சர்க்கரை, ஆல்கஹால். ஒரு ஒயினில் இவற்றில் ஒன்றாவது நிறைய இருக்க வேண்டும். அதோடு கூடவே நீண்டநாள் ஓடிவரும் அளவுக்குப் பழச்சாரமும் இருக்க வேண்டும். பிரான்சின் போர்தோ பகுதியில் இடது கரை ஒயின்களைத் தாங்குவது காபர்னே சவினியோன் திராட்சையின் துவர்ப்பு. இத்தாலியின் பரோலோவில் நெபியோலோ திராட்சை துவர்ப்பு, புளிப்பு இரண்டையும் அள்ளித் தருகிறது. ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரை ரீஸ்லிங்கில் துவர்ப்பே கிடையாது. புளிப்பும் எஞ்சிய சர்க்கரையும் அதை அரை நூற்றாண்டு நடத்திச் செல்லும். போர்ட், மதேரா என்ற செறிவூட்டிய ஒயின்களுக்குச் சேர்க்கப்பட்ட திராட்சை ஸ்பிரிட் துணை.

துவர்ப்பு மட்டும் போதாது என்பதற்கு 1975ஆம் ஆண்டு போர்தோ சிவப்புகள் நல்ல பாடம். கடுந்துவர்ப்போடு பிறந்தவை அவை. துவர்ப்பு இளகுவதற்குள் பலவற்றில் பழம் காய்ந்துவிட்டது. 1982 அப்படி இல்லை. இளமையிலேயே பழுத்துச் சதைப்பற்றோடு இருந்ததால், இவ்வளவு இனிமையான ஒயின் நீடிக்குமா என்று அன்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. நல்ல கிடங்கில் இருந்த முதல்தர 1982கள் நாற்பதாண்டைத் தாண்டியும் நிமிர்ந்து நிற்கின்றன.

இன்னொரு சந்தேகமும் இப்படித் தீர்ந்தது. 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய மறைவுச் சுவைப்பில், பெயர் தெரியாமல் ஊற்றப்பட்ட கலிபோர்னியா ஒயின்கள் பிரெஞ்சு ஒயின்களை முந்தின. சிவப்பில் முதலிடம் ஸ்டாக்ஸ் லீப் 1973. இளமையில் கவரும், முதுமை தாங்காது என்று பலர் அப்போது சமாதானம் சொன்னார்கள். 2006இல் அதே சிவப்புகளை மறுபடி திறந்தபோது முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே போயின. ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971 தலைமை இடத்தில் நின்றது. ஊர்ப்பெயரை வைத்து ஒயினின் ஆயுளைக் கணிப்பவர்களுக்கு நான் இந்த இரண்டு தேதிகளைத்தான் சொல்வேன்.

பாட்டிலைப் படிப்பது

போர்தோ பாட்டிலுக்குத் தோள் உண்டு. மட்டத்தைச் சொல்ல அதுவே அளவுகோல். முப்பது ஆண்டான பாட்டிலில் ஒயின் கழுத்தின் அடிவரை நின்றால் மிக நல்லது. தோளின் மேல்பகுதியில் நின்றால் இயல்பு. தோளின் நடுவுக்கு இறங்கியிருந்தால் உள்ளே காற்று நிறையப் புகுந்திருக்கிறது என்று பொருள். பணம் கொடுக்கும் முன் யோசியுங்கள். பிரான்சின் இன்னொரு ஒயின் பகுதியான பர்கண்டியின் பாட்டிலில் தோள் சரிவானது, அதனால் அங்கே தக்கையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே என்று அளப்பார்கள். மேக்னம் எனப்படும் ஒன்றரை லிட்டர் பாட்டிலில் ஒயின் இரண்டு மடங்கு, கழுத்தோ ஏறக்குறைய அதே அளவு. காற்று பங்கிட்டுக்கொள்ள ஒயின் அதிகம் இருப்பதால் அது மெதுவாக முதிரும். வாய்ப்பிருந்தால் மேக்னமையே தேர்ந்தெடுங்கள்.

அடுத்து மூடியைச் சுற்றியுள்ள உறையைப் பாருங்கள். தக்கை மேலே பிதுங்கி உறையைத் தள்ளியிருந்தால் அந்தப் பாட்டில் எங்கோ சூட்டில் கிடந்திருக்கிறது. ஓரத்தில் பிசுபிசுப்பான கசிவின் தடம் இருந்தாலும் அப்படியே. லேபிள் பூஞ்சை பிடித்து மக்கியிருப்பது மட்டும் கெட்ட அறிகுறி அல்ல; ஈரமான கிடங்கில் தக்கை காயாமல் இருந்திருக்கிறது என்று அதை நான் நல்லதாகவே எடுத்துக்கொள்வேன்.

வைக்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 12 அல்லது 13 டிகிரி, ஏறாமல் இறங்காமல், இருட்டு, 70 சதவீதம் அளவு ஈரப்பதம், பாட்டில் படுத்த நிலை. சென்னையிலோ மதுரையிலோ வீட்டு அலமாரி இதற்கு உதவாது. ஒரே ஒரு மே மாதம் போதும், நல்ல ஒயின் வெந்த பழக்கூழாக மாற. ஒயினுக்கென்று குளிர்பெட்டி இல்லாதவர் நீண்டநாள் வைக்க வாங்க வேண்டாம். வாங்கியதைச் சாதாரண ஃபிரிட்ஜில் வைத்துச் சில மாதங்களுக்குள் குடித்துவிடலாம்.

விலை உயர்ந்த பழைய பாட்டில் என்றால் அது வந்த வழியைக் கேட்டே ஆக வேண்டும். எந்தக் கிடங்கில் இருந்தது, யார் யார் கை மாறியது, ரசீது உண்டா? 2008இல் நியூயார்க் ஏலம் ஒன்றில் பர்கண்டியின் பொன்சோ குடும்பம் செய்ததாகச் சொல்லி குளோ சான்-தெனி தோட்டத்து 1945 ஒயின் விற்பனைக்கு வந்தது. அந்தக் குடும்பத்து லோரான் பொன்சோ பிரான்சிலிருந்து விமானம் ஏறி வந்து அதைத் தடுத்தார். அவர்கள் குடும்பம் அந்தத் தோட்டத்தின் பெயரில் ஒயின் செய்யத் தொடங்கியதே 1980களில்தான். அந்தப் பாட்டில்களைக் கொடுத்த ரூடி குர்னியவான், போலி ஒயின் விற்றதற்காக 2013இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, அடுத்த ஆண்டு பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் கலந்து கொடுத்ததைக் குடித்துப் பாராட்டியவர்களில் தேர்ந்த நாக்குகளும் இருந்தன. எனவே நாக்கை மட்டும் நம்பி ரசீதை விட்டுவிடாதீர்கள்.

நிறுத்துவது, திறப்பது, இறுப்பது

சிவப்பு ஒயின் முதிரும்போது நிறமிகளும் டானின்களும் ஒன்றோடொன்று கோத்துப் பெரிதாகின்றன. பெரிதானவை கரைந்திருக்க முடியாமல் மண்டியாக அடியில் படிகின்றன. ஊதா கலந்த இளமைச் சிவப்பு மாணிக்கச் சிவப்பாகி, விளிம்பில் செங்கல் நிறம் ஏறுவதும், வாயைப் பிடித்த துவர்ப்பு இளகுவதும் இந்த மாற்றங்களோடு சேர்ந்து நடப்பவை. மண்டி ஒயினின் குறை ஆகாது. ஆனால் கிளாஸுக்குள் வந்தால் கசக்கும். மணத்தையும் மங்கச் செய்யும்.

ஆகவே திறப்பதற்கு ஒரு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். இரண்டு நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. விருந்தாளி திடீரென்று கேட்டால் படுத்த நிலையிலேயே கூடையில் வைத்து, உருட்டாமல் மேசைக்குக் கொண்டுபோய், அப்படியே திறக்கப் பழக வேண்டும்.

உறையை உதட்டுக்குக் கீழே வெட்டி, தக்கையின் தலையிலுள்ள பூஞ்சையை ஈரத்துணியால் துடையுங்கள். பழைய தக்கைக்கு வழக்கமான கார்க் ஸ்க்ரூ ஆபத்தானது. நடுவில் குத்தி இழுத்தால் பாதி கையில் வரும், பாதி உள்ளே நிற்கும். இதற்கென்று இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட 'ஆ-சோ' என்ற கருவி இருக்கிறது. தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே நீளமான தகட்டை முதலில் நுழைத்து, இப்படியும் அப்படியும் அசைத்து இறக்கி, பிறகு திருகியபடி மேலே இழுக்க வேண்டும். தக்கை தளர்ந்திருந்தால் இந்தக் கருவி அதை உள்ளே தள்ளிவிடும். அதனால் முதலில் விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். தளர்வாகத் தெரிந்தால் நடுவில் கார்க் ஸ்க்ரூவும் ஓரத்தில் தகடுகளும் சேர்ந்த கூட்டுக் கருவியே தீர்வு. எப்படியும் உடைந்து உள்ளே விழுந்துவிட்டால் பதற வேண்டாம். அலசிய மல்துணி வழியாக இறுத்தால் போதும். துணியில் சோப்பு வாசனை இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எடுத்த தக்கையைப் பாருங்கள். அடிப்பக்கம் மட்டும் கறைபட்டிருந்தால் நலம். கறை பக்கவாட்டில் மேல்வரை ஏறியிருந்தால் கசிவு நடந்திருக்கிறது. அடியில் சர்க்கரைப் படிகம் போல மின்னுவது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. நம் புளியில் இருக்கும் அமிலமும் அதுவே. எந்தக் கெடுதலும் செய்யாது. கண்ணாடித் தூள் விழுந்துவிட்டதென்று விருந்தாளி பயந்தால் இதைச் சொல்லிப் புரிய வையுங்கள்.

இனி இறுப்பது. ரசத்தைக் கலக்காமல் மேல்தெளிவை மட்டும் இறுத்துப் பழகிய கை இந்த வேலையை உடனே பிடித்துக்கொள்ளும். பாட்டிலின் கழுத்துக்குக் கீழே மெழுகுவத்தியோ கைபேசி விளக்கோ வைத்துக்கொள்ளுங்கள். டிகேன்டர் என்ற கண்ணாடிக் குடுவையின் உள்சுவரை ஒட்டி, ஒரே ஓட்டமாக, நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். நடுவில் நிமிர்த்தினால் மண்டி புரண்டுவிடும். மண்டி நூல் போலத் தோளுக்கு வரும் கணத்தில் நிறுத்துங்கள். அடியில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி வீணாகும். அதைக் கஞ்சத்தனமாகப் பார்க்காதீர்கள்.

எப்போது இறுப்பது என்பதில் தொழிலில் ஒருமித்த கருத்து கிடையாது. போர்தோவின் ஒயினியல் ஆசான் எமில் பெய்னோ, மண்டி இருந்தால் மட்டும், அதுவும் பரிமாறும் நேரத்தில் இறுத்தால் போதும் என்றார். காற்று நுட்பமான மணங்களைக் கரைத்துவிடும் என்பது அவர் வாதம். நாற்பது வயது தாண்டிய போர்தோவுக்கும் பர்கண்டிக்கும் நான் அவர் பக்கம். பர்கண்டியைப் பெரும்பாலும் டிகேன்டருக்கே கொண்டுபோவதில்லை; கூடையிலிருந்து நேராக, பெரிய கிளாஸில், கொஞ்சமாக ஊற்றுவேன். ஆனால் பரோலோவும் வின்டேஜ் போர்ட்டும் வேறு ரகம். இருபது வயதுப் பரோலோ இரண்டு மூன்று மணி நேரம் காற்றில் இருந்த பிறகுதான் பேசத் தொடங்கும். வின்டேஜ் போர்ட் அறுவடைக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுக்குள்ளாகவே வடிகட்டாமல் பாட்டிலுக்குள் போய், அங்கேயே பத்தாண்டுக் கணக்கில் முதிர்வதால், மண்டி தடித்துப் பாளமாக ஒட்டியிருக்கும். அதை இறுக்காமல் பரிமாறவே கூடாது. எதுவானாலும், இறுப்பதற்கு முன் ஒரு மிடறு ஊற்றிச் சுவைத்து, பலவீனமா வலிமையா என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். புத்தகத்தில் உள்ள மணிக்கணக்கு உங்கள் கையில் இருக்கும் பாட்டிலுக்கென்று எழுதப்பட்டதல்ல.

கிளாஸில்

முதிர்ந்த சிவப்புக்கு 15 முதல் 17 டிகிரி. ஐரோப்பிய நூல்களில் வரும் 'அறை வெப்பம்' பழைய கல்வீடுகளின் வெப்பம். நம் ஊர் அறையில் அந்தச் சொல்லை நம்பினால் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். கிளாஸின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். முதலில் சுழற்றாமல் ஒருமுறை முகருங்கள். பழைய ஒயினின் மேல்மணம் மிக மெல்லியது, சுழற்றினால் அது முதலில் கலைந்துபோகும். பிறகு மெதுவாக ஒரு சுற்று.

திருநெல்வேலியிலிருந்து வந்து எங்கள் உணவகத்தில் சேர்ந்திருந்த ஒரு தம்பி, திருமண நாள் கொண்டாட வந்த தம்பதிக்காக நான் திறந்த ஒரு முதிர்ந்த பர்கண்டியை முகர்ந்துவிட்டு, முகம் வாடி என்னிடம் வந்தான். "அண்ணே, இது போயிருச்சுண்ணே. குழம்புச் சட்டிய மூடி வச்சுத் திறந்த மாதிரி இருக்கு." அவன் மூக்கு பொய் சொல்லவில்லை. காளான், இறைச்சிச் சாறு, லேசான கந்தகம் எல்லாம் இருந்தன. "கிளாஸ அங்கேயே வச்சுட்டுப் போ. ரொட்டி கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்து பாரு," என்றேன். இருபது நிமிடத்தில் மூட்டம் விலகியது. காய்ந்த ரோஜா, ஆரஞ்சுத் தோல், மழையில் நனைந்த இலைச்சருகு, அடியில் ஒரு இனிப்பு. அவன் கிளாஸை வைக்க மனமில்லாமல் நின்றான். அடுத்த முக்கால் மணி நேரத்தில் அந்த மணங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசி ஊற்றில் புளிப்பு மட்டும் நின்றது. அந்தத் தம்பதி அவசரமாகக் குடித்திருந்தால் மூட்டத்தை மட்டும் குடித்திருப்பார்கள். மறந்துபோய் இரவு முழுக்க வைத்திருந்தால் புளிப்பை மட்டும். நடுவில் இருந்த அந்த நேரத்தைக் கண்டுபிடித்து அவர்களுக்குக் கொடுப்பதற்குத்தான் நாம் சம்பளம் வாங்குகிறோம்.

பல காலம் அடைபட்ட ஒயின் திறந்ததும் விடும் இந்த நாற்றத்தையும் உண்மையான கேட்டையும் பிரித்தறிய ஒரு உறுதியான வழி உண்டு. அடைபட்ட நாற்றம் காற்றுப்பட்டால் குறையும். தக்கைக் கேடு காற்றுப்பட்டால் கூடும். ட்ரைகுளோரோஅனிசோல், சுருக்கமாக டிசிஏ, என்ற சேர்மம்தான் தக்கைக் கேட்டுக்கு முதன்மைக் காரணம் என்று 1980களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் டானர் குழு கண்டறிந்தது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே பழகிய மூக்குக்குத் தெரியும்: நனைந்த அட்டைப்பெட்டி, பூட்டிக்கிடந்த நிலவறை. மிகக் குறைந்த அளவில் அது தன் நாற்றத்தைக் காட்டாமல் ஒயினின் மணத்தை மட்டும் அமுக்கிவிடும். வாசனை உணர்செல்களின் சமிக்ஞையையே அது அடக்குகிறது என்று 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் ஒயின் எதுவும் சொல்லாமல் ஊமையாக இருந்தால் 'வயதாகிவிட்டது' என்று உடனே முடிவு கட்டாதீர்கள். கால் மணி நேரம் விட்டு, வெளியே போய் நல்ல காற்று வாங்கி வந்து, முதல் முகர்வில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். இரண்டாவது முகர்வுக்குள் மூக்கு பழகி ஏமாந்துவிடும். டிசிஏ என்று உறுதியானால் விருந்தாளி கேட்பதற்கு முன் நீங்களே பாட்டிலை எடுத்துவிடுங்கள். பெயர் எவ்வளவு பெரியதானாலும் சரி.

கண் மூக்கை ஏமாற்றும் என்பதையும் மறக்க வேண்டாம். 2001இல் வெளிவந்த போர்தோ ஆய்வு ஒன்றில் வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து ஒயினியல் மாணவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் அதை வர்ணித்தார்கள். நிறத்தின் பிடியே இவ்வளவு என்றால், லேபிளில் லஃபீத் அல்லது லதூர் என்ற புகழ்பெற்ற போர்தோ பெயர்களின் பிடி எவ்வளவு இருக்கும்? பயிற்சிக்காலத்தில் யாரையாவது பாட்டிலைத் துணியால் சுற்றித் தரச் சொல்லுங்கள்.

குடிக்கும்போது ஒரு சிறு வாய் எடுத்து, கன்னங்களில் உருட்டி, மெல்லக் காற்றை உள்ளிழுங்கள். மணம் தொண்டைவழியாகவும் மூக்கை அடைகிறது. துவர்ப்பு பற்களின் ஈறில் எப்படி உட்காருகிறது என்று கவனியுங்கள்: மணலாகவா, பட்டாகவா? விழுங்கியோ உமிழ்ந்தோ விட்ட பின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். தொழில்முறைச் சுவைப்பில் உமிழ்வதே முறை. முதிர்ந்த ஒயினில் பழத்தின் பலம் குறைந்திருக்கும்; அதைக் குறையாக எழுதும் இளைஞர்களை நிறையப் பார்க்கிறேன். நீங்கள் தேட வேண்டியது நீளமும், வாயில் மாறிக்கொண்டே போகும் தன்மையும்.

வெந்தய மணமும் மதேராவும்

முதிர்ந்த ஒயினைச் சுவைப்பதில் தமிழ் மூக்குக்கு ஒரு முன்சாதகம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வெந்தயத்துக்கு அந்த மணத்தைத் தரும் சேர்மத்தின் பெயர் சோட்டோலான். போர்தோவின் இனிப்பு வெள்ளையான சோத்தெர்ன் முதிர்ந்தது, டானி போர்ட், பிரான்சின் ஜூரா மலையோரத்து வான் ழோன், மதேரா, இவற்றில் காலம் உண்டாக்கும் மணங்களில் முக்கியமானது இதே சோட்டோலான். ஐரோப்பிய மாணவர்கள் வால்நட் என்றும் கறிமசாலா என்றும் தடுமாறும் இடத்தில், தோசை மாவு அரைத்த வீட்டில் வளர்ந்தவர் முதல் முகர்விலேயே பிடித்துவிடுவார். அந்த நினைவை வெட்கப்படாமல் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

ஆனால் அதே மணம் இடம் மாறினால் கேடாகிவிடும். இளமையோடு இருக்க வேண்டிய உலர்ந்த வெள்ளை பர்கண்டியில் அது வந்தால் ஒயின் வேளைக்கு முன் காற்றுண்டுவிட்டது என்று அர்த்தம். 1990களின் நடுப்பகுதி அறுவடைகளிலிருந்து பர்கண்டி வெள்ளைகளை இந்தத் தொல்லை பிடித்தது. பல காலம் நிற்க வேண்டிய ஷார்டனே திராட்சை ஒயின்கள் ஏழெட்டு ஆண்டில் பழுப்பேறின. ரீஸ்லிங்கிலும் இதுபோல ஒன்று: வயதானால் மண்ணெண்ணெயை நினைவூட்டும் மணம் வரும். முதிர்ந்த மோசெலில் தேனோடும் எலுமிச்சைத் தோலோடும் சேர்ந்து அது அழகு. இரண்டு வயது ஒயினில் தூக்கலாக இருந்தால் எனக்குப் பிடிப்பதில்லை.

சோத்தெர்னில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். சிரோன் ஓடையின் குளிர்ந்த நீர் கரோன் ஆற்றில் கலக்கும் இடத்தில் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழும். அதில் போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை திராட்சைத் தோலைத் துளைத்து நீரை வற்றவைக்கும். சுருங்கிய மணிகளை மட்டும் பொறுக்க அறுவடைக்காரர்கள் ஒரே தோட்டத்துக்குள் பலமுறை திரும்பத் திரும்பப் போவார்கள். சோத்தெர்னின் புகழ்பெற்ற தோட்டமான ஷாத்தோ இக்கெம், தரமில்லை என்று கருதிய 1992, 2012 போன்ற ஆண்டுகளில் தன் பெயரில் ஒயினே வெளியிடவில்லை. சோத்தெர்ன் வைக்கோல் நிறத்தில் பிறந்து, தங்கமாகி, தேயிலை வடிநீராக இருண்டுகொண்டே போகும். சிவப்பில் நிறம் குறைவதும் வெள்ளையில் நிறம் கூடுவதும்தான் வயது. 11 டிகிரியில் தொடங்கி, கிளாஸிலேயே சூடேற விட்டு, ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு முறை முகருங்கள்.

மதேராவுக்கு வருகிறேன். அதிகப் பணம் இல்லாமல் முதுமையின் சுவையை அறிய விரும்பும் யாருக்கும் நான் முதலில் காட்டும் கதவு இது. அட்லாண்டிக்கில் உள்ள போர்த்துகீசியத் தீவு. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் மதராஸுக்கும் கல்கத்தாவுக்கும் பீப்பாய் பீப்பாயாக வந்திறங்கிய ஒயின். வெப்பமண்டலக் கடலில் மாதக்கணக்கில் கப்பலின் அடித்தளத்தில் வெந்த பீப்பாய்கள் கெட்டுப்போகாமல் இன்னும் நன்றாகியிருந்ததைப் பார்த்துத்தான் தீவுக்காரர்கள் வேண்டுமென்றே சூடாக்கத் தொடங்கினார்கள். இன்றும் நல்ல மதேராக்கள் கூரைக்குக் கீழே வெயில் ஏறும் மாடங்களில் பீப்பாயில் கிடக்கின்றன. அறுவடை ஆண்டு பொறித்த 'ஃபிராஷ்கெய்ரா' குறைந்தது 20 ஆண்டு மரத்தில் இருந்தாக வேண்டும்.

சூடும் காற்றும் ஏற்கெனவே செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டதால் இந்த ஒயினைக் கெடுக்க இனி அதிகம் மிச்சமில்லை. திறந்த பாட்டில் மாதக்கணக்கில் நிற்கும். நூறு வயதை நெருங்கிய, புவால் என்ற மதேரா வகை ஒன்றை முதன்முறை ஒரு விரற்கடை ஊற்றிக் குடித்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை: கருப்பட்டி, வறுத்த கொட்டை, வெந்தயம், எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு போகும் புளிப்பு. அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் அத்தனை இனிப்பும் வாயில் பாகாகத் தேங்கியிருக்கும். தொடங்குபவர்கள் பத்து வயதுச் செர்சியால் என்ற வகையில் ஆரம்பியுங்கள். உலர்ந்தது, சூப்புக்கும் வறுத்த முந்திரிக்கும் பொருந்தும். பிறகு வெர்தெல்யோ, புவால், மால்வசியா என்று இனிப்பு கூடும் வரிசையில் செல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: மதேரா பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் தக்கை சீக்கிரம் அரிபட்டுவிடும். மிகப் பழைய பாட்டிலானால் ஒரு முழு நாள் முன்பே டிகேன்டருக்கு மாற்றுங்கள்.

பல ஒயின்களை ஒரே மாலையில் சுவைப்பதாக இருந்தால் இளையதிலிருந்து மூத்ததுக்குப் போவது வழக்கம். மூத்தது மிக மெலிந்ததாக இருந்தால் நான் அதை முன்னுக்குக் கொண்டுவருவேன். இளம் ஒயின்களின் துவர்ப்பில் நாக்கு மரத்துப்போன பின் ஐம்பது வயது ஒயினின் குரல் கேட்காது. கூடவே சாப்பாட்டில் காரத்தையும் பூண்டையும் ஒதுக்கி, வெறும் ரொட்டி, மெல்லிய வறுத்த கோழி, காளான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பேட்டில் பெயரும் ஆண்டும் எழுதியதோடு நிறுத்தாதீர்கள். மட்டம் எங்கே இருந்தது, தக்கை எப்படி வந்தது, பாட்டில் எங்கிருந்து வந்தது, எத்தனை மணிக்குத் திறந்தீர்கள், எத்தனை மணிக்கு மலர்ந்தது, எப்போது இறங்கத் தொடங்கியது என்று நேரத்தோடு எழுதுங்கள். அதே அறுவடையின் இன்னொரு பாட்டில் பிறகு கைக்கு வரும்போது அந்தப் பக்கத்தை முதலில் புரட்ட வேண்டாம். புதிதாகச் சுவைத்து, எழுதி முடித்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.